ஒளியும் அளவும்: பெண்டிர் நோயொன்றின் சிகிச்சை வரலாறு

மருத்துவ வரலாறு எழுதியோர் அம்மை, வாந்திபேதி, காசம் முதலிய பெருநோய்களுக்கே பெரும்பாலும் தம் ஏடுகளை ஒதுக்கினர். ஊரை அழித்த நோய் யாவர் கண்ணுக்கும் புலப்படும். அதனைப் பற்றிப் பேச நாணுவார் இலர். ஆயின், பேசுதற்கே நாக் கூசும் நோய்களும் உள. அவற்றால் வருந்துவோர் தாயிடத்தும், கணவனிடத்தும், வைத்தியரிடத்தும் வாய் திறவாது ஆண்டுகள் பலவற்றைக் கழிப்பர். பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பின் தோலில் தோன்றும், புற்றுநோய்க்கு முற்பட்ட நிலை அத்தகைய நோய்களுள் ஒன்றாகும். இக்கட்டுரையில் அதனை முன்னோய் என்றே சுட்டுவாம். அந் நோயைத் தீர்ப்பதற்கு ஒளி ஒரு கருவியாக வந்த வரலாற்றை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

கல்லூரி மலரொன்றில் இத்தகைய பொருள் வேண்டுமோ என வினவுவார் இருத்தல் கூடும். கண்ணின் வரலாறும் பல்லின் வரலாறும் கற்றற்கு உரியனவாயின், உடலின் பிறிதோர் உறுப்பின் வரலாறு மட்டும் எவ்வாறு விலக்கற்பாலதாகும்? நாணம் நல்லதொரு பண்பே. ஆயினும், தீர்த்தற்கு எளிதான காலத்தில் நோயை மறைத்து, தீர்த்தற்கு அரிதான காலத்தில் வெளிப்படுத்துமாறு அது செய்யுமாயின், அப்பண்பே பகையாகிவிடும்.

இவ் வரலாற்றைப் புதுக்கருவி ஒன்றின் வெற்றி வரலாறாக மட்டும் படித்தல் பொருந்தாது. நோய் எத்துணை ஆழம் சென்றுள்ளது என்பதை அறிந்து, அத்துணையே நீக்குதல் வேண்டும் என்னும் அளவுணர்ச்சி மருத்துவத்துள் மெல்ல மெல்ல வளர்ந்த கதையே இது. ஒளி அவ்வுணர்ச்சிக்கு வாய்த்த கை எனலாம்.

நோயின் இயல்பு

தோலானது மேற்றோல், அடித்தோல் என இரு படைகளை உடையது. இரண்டிற்கும் இடையே மிக மெல்லியதொரு மென்றகடு உண்டு. மேற்றோலின் கலங்கள் அடியிற் பிறந்து, ஒழுங்காக முதிர்ந்து, மேலே சென்று உதிர்வன. சிலவேளைகளில் இக் கலங்கள் அவ்வொழுங்கினை இழந்து, வடிவும் அளவும் மாறிப் பெருகுகின்றன. அவை மென்றகட்டைத் துளைத்துக் கீழிறங்காத வரையில் அது முன்னோய். துளைத்தபின் அது புற்றுநோய். ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த அவ் வெல்லையே இரண்டு ஊழ்களைப் பிரிப்பது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துத் தோல் வைத்தியரான ஜோன் டெம்பிள்டன் போவன் என்பார் 1912-ம் ஆண்டில், புற்றுநோய்க்கு முற்பட்ட தோல்நோய் ஒன்றை இரு நோயாளரிடத்துக் கண்டு விவரித்தார். நெடுங்காலம் பெண்ணுறுப்பின் முன்னோயும் அவர் பெயராலேயே வழங்கிற்று. ஓயாத அரிப்பு, எரிவு, வெண்மையாகவோ செம்மையாகவோ கபிலமாகவோ தடித்த திட்டு என்பன அதன் குறிகள். யாதொரு குறியுமின்றி இருப்பதும் உண்டு.

பின்வந்தோர் இந்நோயில் இருவகை கண்டனர். ஒன்று, மனிதப் பப்பிலோமா வைரசினால் உண்டாவது, இளையோரிடத்தும் தோன்றுவது, புகைபிடித்தலால் மிகுவது. மற்றொன்று, வைரசின் தொடர்பின்றி, முதுமையில், வெண்டழும்பாகத் தோலைச் சுருக்கும் நாட்பட்ட அழற்சியின் மேல் எழுவது. இரண்டாவது வகை அருகியே காணப்படினும், புற்றுநோயாக மாறுவதில் விரைவுடையது. உலகப் பெண்ணுறுப்பு நோய் ஆய்வாளர் கழகம் 1986-ம் ஆண்டில் முன்னோயை மூன்று படிகளாக வகுத்தது. 2004-ம் ஆண்டில் முதற்படியை நோயன்றென நீக்கிற்று. 2015-ம் ஆண்டில் மீண்டும் திருத்திற்று. பெயர் மாறுந்தோறும் சிகிச்சையும் மாறிற்று என்பது நோக்கற்பாலது. நோயன்று எனப்பட்டதை அறுப்பார் யார்?

இந்நோயை வாளா விட்டால் யாதாகும்? 2005-ம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, முன்னர் அறிவிக்கப்பட்ட 3322 நோயாளரின் வரலாற்றைத் திரட்டி நோக்கிற்று. சிகிச்சை பெறாதோர் 88 பேர். அவருள் நூற்றுக்கு 9 பேருக்கு, ஓராண்டு முதல் எட்டாண்டு வரையான காலத்துள், அது புற்றுநோயாயிற்று. ஆகவே வாளா விடுதல் தகாது. அதேவேளை, பெரும்பாலோரிடத்து அது புற்றுநோயாக மாறவில்லை என்பதனால், எல்லோரையும் புற்றுநோயாளராகவே கருதி அறுத்தலும் தகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி யாது என்பதே வைத்தியர் முன் நின்ற வினா.

கத்தியின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வைத்தியர் அவ் வினாவுக்குக் கத்தியாலேயே விடை கூறினர். வெளிப் பிறப்புறுப்பு முழுவதையும் அகற்றுதலே வழக்காயிருந்தது. உயிரைக் காத்தல் வேண்டும் என்னும் நன்னோக்கமே அதற்குக் காரணம். ஆயினும், புற்றுநோய்க்குரிய தண்டம் புற்றுநோய் ஆகாத ஒன்றிற்கும் விதிக்கப்பட்டது. நோய் நீங்கியபின்னும் அப்பெண் தன் உடலைத் தானே அந்நியமாகக் கருதி வாழ நேர்ந்தது. இளம் பெண்களிடத்தும் இந்நோய் காணப்படத் தொடங்கியபொழுது இக்கொடுமை மேலும் புலனாயிற்று.

1968-ம் ஆண்டில் றட்லெட்ஜ், சிங்கிளேயர் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் மாற்றுவழி ஒன்றை வெளியிட்டனர். நோயுற்ற தோலை மட்டும் உரித்து நீக்கி, அடியிலுள்ள கொழுப்பையும் ஏனைய பகுதிகளையும் இருந்தவாறே விட்டு, உடலின் வேறிடத்துத் தோலை அங்கு ஒட்டுவது அம்முறை. நோய் தோலளவினது, ஆதலின் சிகிச்சையும் தோலளவினதாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை தோன்றிய பின்னரே ஒளிக்கு இங்கு இடம் உண்டாயிற்று. அதற்குள் ஒளி, பிறிதொரு நாட்டில், பிறிதொரு நோயிடத்துத் தன் ஆற்றலைக் காட்டி எழுபதாண்டு கழிந்திருந்தது. அவ் வரலாற்றை இனிக் காண்போம்.

பின்சனின் விளக்கு

நீல்ஸ் றிபேர்க் பின்சன் 1860-ம் ஆண்டில் பரோத் தீவுகளிற் பிறந்தவர். ஐஸ்லாந்திற் பள்ளிக் கல்வி பெற்று, 1890-ம் ஆண்டில் கொப்பன்கேகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே நோய்வாய்ப்பட்டுச் சோர்ந்திருந்த அவருக்கு வெயில் படுந்தோறும் சிறிது தெம்பு உண்டாயிற்று. வட நாட்டின் நீண்ட மாரியில் வெயிலை ஏங்கியவர் அதன் ஆற்றலை ஆராயத் தலைப்பட்டமை இயல்பே.

அக்காலத்தில் முகத்தை அரித்துச் சிதைக்கும் தோற் காசநோய் ஐரோப்பாவிற் பரவியிருந்தது. 1895-ம் ஆண்டில் பின்சன் காபன் வில்விளக்கின் ஒளியைப் படிகக் கண்ணாடி வில்லைகளாற் குவித்து, நீரினாற் சூடு தணித்து, அத்தகைய நோயாளர் ஒருவரின் முகத்திற் பாய்ச்சினார். குருதி ஒளியை விழுங்கும் ஆதலால், தாதியொருத்தி குளிர்ந்த படிகத் தகட்டைத் தோலில் அழுத்திக் குருதியை விலக்கிப் பிடிப்பாள். நாள்தோறும் ஒரு மணி நேரம் அளவில் மாதக்கணக்காகச் சிகிச்சை நடைபெறும். 1896-ம் ஆண்டில் அவர் பெயரால் ஒளிச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. 1903-ம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டில், தம் 43-ம் வயதில், அவர் இறந்தார்.

ஊதாக் கடந்த கதிர்களே கிருமியைக் கொன்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005-ம் ஆண்டில் டென்மார்க்கு ஆய்வாளர் பின்சனின் பழைய வில்லைகளையே எடுத்துச் சோதித்தபொழுது, 340 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர்கள் அவற்றினூடு செல்லவில்லை எனக் கண்டனர். காசக் கிருமியின் உள்ளேயே இருக்கும் போர்பிரின் என்னும் நிறப்பொருள் ஒளியை ஏற்று, ஒட்சிசனைத் தூண்டி, அக்கிருமியை அழித்திருத்தல் வேண்டும் என்பது அவர் முடிவு. பின்சன் தாம் அறியாமலே இரண்டாவதொரு நெறிக்கும் முன்னோடியாயினார்.

சாயமும் ஒளியும்

அவ் விரண்டாவது நெறியின் பிறப்பிடம் ஜேர்மனியின் மியூனிக் நகரம். ஆங்குப் பேராசிரியர் ஹேர்மன் வொன் தப்பைனரிடம் பயின்ற ஓஸ்கார் றாப் என்னும் மாணவர், அக்கிரிடின் என்னும் சாயம் பரமீசியம் என்னும் நுண்ணுயிரை எவ்வளவு நேரத்திற் கொல்லும் எனச் சோதித்தார். ஒரேயளவு சாயம் ஒருநாள் விரைவிலும் ஒருநாள் நெடுநேரங் கழித்தும் கொன்றது. மாணவர் பலர் இத்தகைய முரண்பாட்டைப் பிழையெனத் தள்ளிவிடுவர். றாப் அவ்வாறு தள்ளாது காரணம் தேடினார். இருநாள்களிலும் ஆய்வுகூடத்தின் வெளிச்சமே வேறுபட்டிருந்தது. சாயம் தனியே கொல்லவில்லை. ஒளியும் தனியே கொல்லவில்லை. இரண்டும் கூடியவிடத்தே உயிர் மாண்டது. இம்முடிவு 1900-ம் ஆண்டில் வெளியாயிற்று. நம் மாணவர் ஆய்வுகூடத்திற் பிழைபட்ட கணக்கைக் காணும்போதெல்லாம் நினைக்கத்தக்க நிகழ்ச்சி இது.

1903-ம் ஆண்டில் தப்பைனரும் யெசியோனெக் என்னும் தோல் வைத்தியரும் இயோசின் சாயத்தைத் தோற் கட்டிகளிற் பூசி ஒளியிற் காட்டினர். இவ்வினைக்கு ஒட்சிசன் இன்றியமையாதது என்பதும் அடுத்து நிறுவப்பட்டது. பின்னர், மேயர்-பெற்ஸ் என்னும் வைத்தியர் குருதியிலிருந்து எடுக்கப்படும் ஈமற்றோபோர்பிரினைத் தம் உடலிலேயே ஊசியால் ஏற்றி வெயிலில் நின்று, முகம் வீங்கி வருந்தி, அதன் வேகத்தை உலகுக்கு உணர்த்தினார். 1924-ம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பொலிக்கார், கட்டிகள் சில ஊதாக் கடந்த ஒளியிற் செந்நிறமாக ஒளிர்தலைக் கண்டார். 1970-களில் அமெரிக்காவின் பபலோ நகரத்தில் தோமஸ் டோகர்ட்டி இந்நெறியை முறையான புற்றுநோய்ச் சிகிச்சையாக்கினார். எனினும், ஊசிமருந்து உடலெங்கும் பரவியமையால் நோயாளர் பல கிழமைகள் வெயிலுக்கு அஞ்சி இருளில் வாழ வேண்டியிருந்தது. சிறு திட்டொன்றிற்காக இவ்வளவு துன்பம் மிகையே. ஆதலின் பெண்ணுறுப்பு முன்னோயிடத்து முதலில் நிலைபெற்றது மற்றோர் ஒளியாகும்.

லேசரின் வருகை

தூண்டப்பட்ட அணுக்கள் ஒரேவகை ஒளியை ஒருங்கே வெளிவிடக்கூடும் என்பதை ஐன்ஸ்டைன் 1917-ம் ஆண்டில் ஏட்டளவில் நிறுவினார். 1960-ம் ஆண்டு மே மாதம் 16-ம் நாள் தியோடோர் மெய்மன் மாணிக்கப் படிகமொன்றிலிருந்து முதல் லேசர்க் கதிரை எழுப்பினார். 1964-ம் ஆண்டில், இந்தியாவின் பாராமதியிற் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த குமார் பட்டேல், காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கினார்.

இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்கிரோமீற்றர். அது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க் கதிர். அக்கதிரை நீர் மிக விரைவாக உறிஞ்சும். உடலின் இழையம் பெரும்பாலும் நீராதலின், கதிர் பட்ட இடம் கணத்தில் ஆவியாகும். அதன் சூடு ஆழத்துட் செல்லாது. கத்தியால் மேற்றோலை மட்டும் சீவுதல் அரிது. கதிரினாலோ படை படையாக நீக்குதல் இயலும்.

1972-ம் ஆண்டளவில் பொஸ்டன் வைத்தியர் குரல்வளையின் சிறு கட்டிகளை நீக்க இதனைக் கையாண்டனர். 1970-களின் நடுப்பகுதியிற் பெண்ணோய் மருத்துவத்துட் புகுந்தது. அதற்குத் துணையாக நின்றது ஜேர்மனியின் ஹின்சல்மன் 1925-ம் ஆண்டில் ஆக்கிய கொல்பொஸ்கோப்பு என்னும் உருப்பெருக்கி. அசற்றிக்கமிலம் பூசினால் நோயுற்ற பகுதி வெளிறித் தோன்றும். உருப்பெருக்கியினூடு அதன் எல்லையைக் கண்டு, அக்கருவியோடு இணைத்த கதிரை அவ்வெல்லைக்குள் செலுத்தலாம். 1981-ம் ஆண்டில் பகிஷ், டோர்சி என்னும் அமெரிக்க வைத்தியர் பெண்ணுறுப்பு முன்னோயில் இதனைக் கையாண்ட அநுபவத்தை வெளியிட்டனர். 1985-ம் ஆண்டில் றீட் என்பார், கதிர் தோலுட் செல்லும் ஆழங்களைத் தளங்களாக வகுத்து, ஒவ்வொரு தளத்தையும் கண்ணால் அறியும் குறிகளைக் கூறினார்.

இங்கேதான் மில்லிமீற்றர்க் கணக்குப் பிறந்தது. அறுத்தெடுத்த தோலை நுணுக்குக்காட்டியில் அளந்தோர், மயிரற்ற இடத்தில் நோய் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும் எனவும், மயிருள்ள இடத்தில் அது மயிர்ப்பையைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் வரை இறங்கக்கூடும் எனவும் கண்டனர். ஆதலின் மயிரற்ற இடத்தில் ஆழமாகச் சுடுதல் வீண் தழும்பை உண்டாக்கும். மயிருள்ள இடத்தில் மேலாகச் சுடுதல் நோயை வேரோடு விட்டுவிடும். பொறி ஒன்றே, அதனை ஆள்வோனின் அறிவே பயனை வேறாக்குவது. ஒரு தலைமுறைக்கு முன் உறுப்பு முழுவதையும் இழந்திருக்கக்கூடிய பெண்கள் பலர், உறுப்பின் வடிவும் உணர்ச்சியும் குன்றாது வீடு திரும்பினர்.

சாய ஒளியின் மீட்சி

1990-ம் ஆண்டில் கனடாவின் கெனடியும் பொட்டியரும் சாயநெறிக்குப் புத்துயிர் அளித்தனர். அமினோலெவுலினிக்கமிலம் என்பது உடல் தானே ஆக்கும் ஒரு பொருள். அதனைத் தோலிற் பூசினால், கலங்களின் உள்ளே அது போர்பிரினாக மாறும். நோயுற்ற கலங்களில் மிகுதியாகச் சேரும். சில மணி நேரங் கழித்துச் செவ்வொளி பாய்ச்சினால் அக்கலங்கள் மாளும். உடலெங்கும் மருந்து பரவாமையால் இருளில் வாழும் துன்பம் இல்லை. 1990-களின் பிற்பகுதி தொடங்கி ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் இம்முறை பெண்ணுறுப்பு முன்னோயிற் சோதிக்கப்பட்டது. புண் ஆறியபின் தழும்பு எஞ்சாமை இதன் சிறப்பு. ஒளி பாயும்போது உண்டாகும் கடும் எரிவு இதன் குறை. தடித்த திட்டுகளிலும் கருநிறத் திட்டுகளிலும் இதன் பயன் குன்றிற்று. ஒரே இடத்திற் சிறிதாக இருந்த நோய், பல இடங்களிற் பரந்த நோயினும் நன்கு தீர்ந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் ஒத்துழைத்தவிடத்தே ஒளியும் வென்றது என இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று காட்டிற்று.

ஒளி மறைக்கும் இருள்

இனி, ஒளியின் குறைகளைக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. கத்தியால் அறுத்தால் அறுத்த துண்டு எஞ்சும். நோயியல் வல்லுநர் அதனை நுணுக்குக்காட்டியில் நோக்கி, மென்றகட்டைத் துளைத்த புற்றுநோய் எங்கேனும் ஒளிந்துள்ளதோ என ஆராய்வர். கதிரோ சான்றையே ஆவியாக்கிவிடும். வெளித்தோற்றத்தில் முன்னோய் எனக் கருதி எரித்த திட்டொன்றின் ஒரு மூலையிற் புற்றுநோய் இருந்திருப்பின், அது அறியப்படாமலே வளரும். ஆதலினாற்றான், முதலில் பலவிடங்களிற் சிறு துண்டெடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்னும் ஐயம் அறவே நீங்கிய பின்னரே கதிரைக் கையாளுதல் வேண்டும் என்னும் விதி நிலைபெற்றது. முதியோரிடத்துத் தோன்றும் இரண்டாவது வகைக்குக் கதிர் பொருந்தாது. அதனை அறுத்தெடுத்தலே முறை.

எரியும் திட்டிலிருந்து எழும் புகையும் குற்றமற்றதன்று. 1988-ம் ஆண்டில் அப்புகையிற் பப்பிலோமா வைரசின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது. அதன்பின், புகையை உறிஞ்சும் கருவியும் தகுந்த முகமூடியும் சிகிச்சையறையில் வற்புறுத்தப்பட்டன. மேலும், எம்முறையாற் சிகிச்சை செய்யினும் நோய் மீளுதல் உண்டு. திட்டை எரித்தாலும் அதனைச் சூழ்ந்த தோலில் வைரசு தங்கியிருப்பதே அதற்குக் காரணம். ஆகவே சிகிச்சையோடு கடமை முடிவதில்லை. பல்லாண்டு தொடர்ந்து பார்வையிடல் வேண்டும்.

முடிவுரை

திட்டை நீக்குவதினும் அதன் காரணத்தை நீக்குதல் சிறந்ததன்றோ? 2008-ம் ஆண்டில் டச்சு ஆய்வாளர் இமிக்குவிமோட் என்னும் பூச்சுமருந்தை 52 நோயாளரிடம் சோதித்தனர். அது உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது. மருந்து பெற்ற 26 பேரில் 21 பேருக்கு நோய் குறைந்தது. மருந்தற்ற பூச்சைப் பெற்ற 26 பேரில் ஒருவருக்கும் அவ்வாறு குறையவில்லை. 2022-ம் ஆண்டில் வெளிவந்த ஒஸ்திரிய ஆய்வு, தெரிந்தெடுத்த நோயாளரிடத்து அம்மருந்து சத்திரசிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று எனக் காட்டிற்று. அதற்கும் முன்னரே, 1983-ம் ஆண்டில், ஜேர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனும் அவர்தம் குழுவினரும் பப்பிலோமா வைரசின் 16-ம் வகையைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிற் கண்டிருந்தனர். அக்கண்டுபிடிப்பின் பயனாக 2006-ம் ஆண்டில் தடுப்பூசி பிறந்தது. 2008-ம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. பெண்ணுறுப்பு முன்னோயின் முதல் வகைக்கும் அவ்வைரசே பெருங்காரணமாதலின், தடுப்பூசி இதனையும் தடுப்பதாயிற்று.

இவ் வரலாறு நம் பாடசாலை வாயிலையும் வந்தடைந்தது. 2017-ம் ஆண்டில் இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இத்தடுப்பூசி சேர்க்கப்பட்டு, ஆறாந் தரத்து மாணவியருக்குப் பாடசாலைகளிலேயே வழங்கப்பட்டது. ஒப்புதற் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என ஒரு தாய் வினவினால், நாணிக் குனியாது விடை கூறுதல் ஆசிரியர் கடன். அரிப்பு நீங்காத தாயோ தமக்கையோ வைத்தியரிடம் செல்லத் தயங்கினால், செல்க எனச் சொல்லுதல் கற்றோர் யாவர்க்கும் கடன்.

கத்தி முழுவதையும் நீக்கிற்று. கதிர் மில்லிமீற்றரை நீக்கிற்று. சாய ஒளி கலத்தைத் தெரிந்து நீக்கிற்று. தடுப்பூசி நீக்குதற்கே இடமின்றிச் செய்ய முயல்கின்றது. படிதோறும் அறிவு பெருகப் பெருக, நோயாளர் இழப்பது சுருங்கிற்று. ஆயினும், எந்தக் கதிரும் தன்னிடம் காட்டப்படாத நோயைத் தீர்க்கமாட்டாது. விளக்கு எத்துணை ஒளியுடையதாயினும், கதவைத் திறந்தாலன்றி அது வீட்டினுட் புகாது. அக் கதவைத் திறக்கும் துணிவை நம் பெண்களுக்கு அளிப்பது கல்வியின் வேலையாகும்.